நிம்மதியா, சுதந்திரமா? டிஸ்டோபியா நாவல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி நாவல் படித்துப் பேசுகிறோம். கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா என்று கலவையான கூட்டம். சில மாதங்களாக டிஸ்டோபியா நாவல்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை, கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கதை முடிவுகளும் இதில் வரும்.

டிஸ்டோபியா நாவல் என்றால் என்ன?

கெட்டுப்போன ஒரு சமூகத்தைக் கற்பனை செய்து, அதற்குள் ஒரு சாதாரண ஆளை நடமாடவிட்டுப் பார்க்கும் கதை. பெரும்பாலும் எதிர்காலத்தில் நடக்கும். அதில் ஒரு வகையைத்தான் இங்கே பேசுகிறேன்: மக்களை அடித்து அடக்காமல், சந்தோஷமாக வைத்தே அடக்கி வைத்திருக்கும் சமூகங்கள்.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைத்தான் முதலில் சொல்லுவேன். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, இரண்டெழுத்துப் பெயர்கள், பிள்ளை பெற அரசு அனுமதி. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியின் பேச்சில் மயங்கி வேகமாகப் படித்துவிடுவோம். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்த மக்கள் எவ்வளவு இயல்பாக எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள் என்பது கண்ணில் படும்.

ஆர்வெல் சொன்னது நடந்ததா, ஹக்ஸ்லி சொன்னது நடந்ததா?

ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ வெளியானது 1949-ல். அதில் ஆட்சி பயத்தால் நிற்கிறது. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ 1932-லேயே வந்துவிட்டது. அதில் ஆட்சி சுகத்தால் நிற்கிறது. ஈட்டன் பள்ளியில் ஆர்வெல் படித்தபோது ஹக்ஸ்லி அங்கே கொஞ்ச காலம் பிரெஞ்சு ஆசிரியராக இருந்தார். ‘1984’ வந்ததும் பழைய மாணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தடியையும் சிறையையும்விடக் குழந்தைப் பருவத்திலேயே பழக்குவதும் மருந்தும்தான் ஆள்கிறவர்களுக்குச் செலவில்லாத வழி, வருங்கால ஆட்சியாளர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்பது அதன் சாரம்.

இதை ஒரு பட்டிமன்றத் தலைப்பாக ஆக்குவதில் எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் நம் பக்கத்தில் இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ஒரு சாதியில் பிறந்ததற்காகவே ஆட்களைப் பதிவு செய்யச் சொன்ன சட்டம் அது. அதே நிர்வாகம்தான் பிறகு ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் பள்ளிக்கூடங்களையும் நடத்தியது. கைரேகைச் சட்டம் இங்கே 1947 வரை இருந்தது. பள்ளிகள் இன்றும் இருக்கின்றன, அவற்றில் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். படிப்பு வேண்டும் என்று நினைத்தவர்களும் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். பயமா சுகமா என்று பிரித்துப் பார்த்தால் இது புரியாது.

ஹக்ஸ்லியின் உலகத்தில் பசியில்லை, நோயில்லை, சண்டையில்லை. எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள்? அதில் என்ன தப்பு?

எங்கள் கூட்டத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இதை மழுப்பாமல் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஹக்ஸ்லியே அந்த உலகத்தை நரகமாகக் காட்டவில்லை. அங்கே யாரும் பட்டினி கிடப்பதில்லை. மனசு சரியில்லை என்றால் சோமா மாத்திரை போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் அத்தியாயத்தில் வரும் குழந்தைகள் கூடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். காக்கி உடுத்திய எட்டு மாதக் குழந்தைகள். எதிரே கிண்ணம் கிண்ணமாக ரோஜாப்பூ, நடுநடுவே வண்ணப்படப் புத்தகங்கள். குழந்தைகளைத் தரையில் விட்டதும் சிரித்துக்கொண்டு தவழ்ந்து போய்ப் பூவைப் பிடிக்கிறார்கள், தாளைக் கசக்குகிறார்கள். எல்லோரும் ஆனந்தமாக இருக்கும் நேரம் பார்த்து அதிகாரி கை காட்ட, வெடிச் சத்தம், சைரன், மணி. அப்புறம் தரையில் மின்சாரம். சத்தம் நின்றபின் அதே பூவையும் புத்தகத்தையும் மறுபடி காட்டினால் குழந்தைகள் பயந்து அலறிப் பின்வாங்குகின்றன. இப்படி 200 முறை. காரணத்தையும் அதிகாரியே சொல்கிறார்: பூவை ரசிப்பதற்குக் காசு ஆகாது, அதனால் எந்தத் தொழிற்சாலைக்கும் லாபமில்லை.

இதை வாசித்த அன்று பூக்கடை அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “வளர்ந்தப்புறம் அந்தப் பிள்ளைகளைக் கேட்டா, எங்களுக்குப் பூ பிடிக்காதுன்னு சந்தோஷமாத்தானே சொல்லும்?” என்றார். தப்பு இருக்கும் இடத்தை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது. அவர்கள் திருப்தியாக இருப்பது பொய்யில்லை. ஆனால் அதற்கு முந்தி அந்தக் குழந்தைகள் சிரித்துக்கொண்டு பூவைத் தேடித் தவழ்ந்தார்களே, அதுவும் பொய்யில்லை.

அப்படியானால் கஷ்டப்படுவதுதான் உயர்ந்ததா? அது வசதியானவர்கள் பேசும் பேச்சு இல்லையா?

நாவலின் கடைசிப் பகுதியில் ஜான் என்ற இளைஞன் உலகக் கட்டுப்பாட்டாளர் முஸ்தஃபா மாண்டுடன் வாதாடுகிறான். சந்தோஷமில்லாமல் இருக்கும் உரிமையைக் கேட்கிறான். அப்படியானால் முதுமை, புற்றுநோய், டைபாய்டு, பட்டினி, சித்திரவதை இதெல்லாமும் சேர்த்தா என்று மாண்ட் கேட்க, எல்லாம் வேண்டும் என்கிறான் ஜான். இந்தப் பத்தியைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். டைபாய்டு வருவதற்கு யாருக்கும் உரிமை தேவையில்லை.

கூட்டத்துக்கு வரும் ஒரு தங்கச்சி தன் அம்மாவைப் புற்றுநோய் வார்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். “மார்ஃபின் கொடுக்கிறதும் சோமா கொடுக்கிறதும் ஒண்ணா அண்ணே?” என்று கோபமாகவே கேட்டார். நாவலிலேயே பதில் இருக்கிறது. ஜானின் அம்மா லிண்டா சாகக் கிடக்கும் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டில் காலடியிலும் டிவி காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறது. கால்மணிக்கு ஒருமுறை வாசனை மாறுகிறது. சாவு ஒன்றுமேயில்லை என்று பழக்குவதற்காகச் சின்னப் பிள்ளைகளை அங்கே கூட்டிவந்து சாக்லேட் பலகாரம் கொடுக்கிறார்கள். அம்மா இறந்ததும் ஜான் மண்டியிட்டு அழ, அந்த அழுகையைப் பார்த்தால் பிள்ளைகளின் பயிற்சி கெட்டுவிடுமே என்றுதான் நர்ஸ் பதறுகிறாள். வலியைக் குறைப்பது வைத்தியம். மகனை அழவிடாமல் செய்வது வேறு. ஒப்பாரி வைத்துப் பழகிய ஊரில் இருக்கும் நமக்கு அந்த வார்டு ஏன் வயிற்றைப் பிசைகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 1946-ல் எழுதிய முன்னுரையில் ஹக்ஸ்லியே, ஜானுக்கு இரண்டே வழி கொடுத்தது நாவலின் பெரிய குறை என்று சொல்லிவிட்டார். ஒரு பக்கம் மருந்து கொடுத்த நகரம், மறுபக்கம் அழுக்கும் சவுக்கடியுமான கிராமம். திரும்ப எழுதினால் மூன்றாவது வழி ஒன்று வைப்பேன் என்றார்.

“அந்தக் காலத்தில் அவரவர் இடத்தில் நிம்மதியாக இருந்தார்கள்” என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அதுவும் இதுதானா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஹக்ஸ்லியின் உலகத்தில் ஐந்து அடுக்கு: ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான். பிறப்பதற்கு முன்பே அடுக்கு முடிவாகிவிடும். தூங்கும் பீட்டா பிள்ளைகளின் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குரல் மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்கும்: ஆல்ஃபாக்கள் பாவம், ரொம்ப வேலை, காமாக்கள் மக்கு, டெல்டாப் பிள்ளைகளோடு விளையாட மாட்டேன், நல்லவேளை நான் பீட்டா. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 120 தடவை, 30 மாதம். வெளிநாட்டு வாசகர்களுக்கு இது அறிவியல் கற்பனை. நமக்கு இதில் கற்பனை என்று சொல்ல அந்த ஒலிபெருக்கி மட்டும்தான் இருக்கிறது.

1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், தும்பைப்பட்டி கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனார். பட்டியல் சாதியினருக்கும் நாடார்களுக்கும் அதுவரை உள்ளே போக அனுமதியில்லை. எதிர்ப்பு பலமாக இருந்தது. கக்கன் பிற்காலத்தில் மாநில அமைச்சரானார். அன்று எதிர்த்தவர்கள் வைத்த வாதங்களில் ஒன்றை இன்றும் டீக்கடையில் கேட்கலாம்: அவங்க பாட்டுக்கு நிம்மதியா இருந்தாங்க, வெளியாளுங்க வந்து கிளப்பி விட்டாங்க.

நிம்மதியாக இருந்தார்கள் என்று சொல்கிறவர் யார் என்று பாருங்கள். கோவிலுக்குள் சுதந்திரமாகப் போய்வந்தவர். நான் இத்தனை நாவல்களையும் படித்துக் கண்டுகொண்டது இது ஒன்றுதான்: பரிமாறுகிறவர் அந்தப் பந்தியில் உட்காருவதில்லை. ஊருக்கெல்லாம் ஷேக்ஸ்பியரையும் பைபிளையும் தடை செய்த மாண்ட் தான் மட்டும் ஷேக்ஸ்பியரைப் படித்திருக்கிறார், தன் பெட்டகத்தில் பைபிளை வைத்திருக்கிறார். சட்டம் போடுவது நான், அதனால் மீறுவதும் நான் என்று சிரிக்கிறார். ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ல் (1953) புத்தகம் எரிக்கும் படையின் தலைவர் பீட்டி புத்தகங்களிலிருந்து வரிவரியாக மேற்கோள் சொல்கிறார். தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் சொல்லும் கதையில் வரும் விசாரணை அதிகாரி, கோடிக்கணக்கானவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள், ரகசியம் தெரிந்த நாங்கள் மட்டும் துக்கப்படுவோம் என்கிறார். இது ஏதோ தியாகம் மாதிரி அவர் பேசினாலும், தேர்ந்தெடுக்கும் வேலையைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார் என்பதே நடந்தது.

நம் ஊருக்கும் நாவலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அடுக்கு உண்மையிலேயே மனசுக்குள் ஒட்டிவிடுகிறது. இங்கே எந்தக் காலத்திலும் முழுசாக ஒட்டியதில்லை. அதனால்தான் தடையும் அடியும் ஊர்க்கட்டுப்பாடும் தேவைப்பட்டன.

வயிறு நிறைந்தால்தானே சுதந்திரம்? இலவசத் திட்டங்கள் மக்களை மயக்கி வைப்பதுதானே?

இரண்டு எதிரெதிர் கேள்விகள் ஒரே மூச்சில் வருகின்றன. தஸ்தயெவ்ஸ்கியின் விசாரணை அதிகாரி சொல்வது இதுதான்: மனிதனுக்குச் சோறும் சுதந்திரமும் ஒருசேரக் கிடைக்காது, சோறு போடுகிறவன் காலடியில் சுதந்திரத்தைக் கொண்டுவந்து அவனே வைத்துவிடுவான். கேட்க ஆழமாக இருக்கும். நான் இதை நம்பவில்லை.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில். உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காரும் பிள்ளை, பசியோடு உட்காரும் பிள்ளையைவிட அதிகக் கேள்வி கேட்கும் என்பது எந்த ஆசிரியைக்கும் தெரியும். ஹக்ஸ்லியின் டெல்டாக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்ததோடு புத்தகத்தின்மேல் வெறுப்பையும் கொடுத்தார்கள். இங்கே சோறு போட்டுப் புத்தகத்தையும் கையில் கொடுக்கிறோம். சோறு தருவதில் குற்றமில்லை. பதிலுக்கு வாயை மூடச் சொன்னால் அப்போது சண்டை போடலாம். ஒரு திட்டத்தில் சாப்பிட்டவன் அதே அரசை எதிர்த்து ஓட்டுப் போட முடிகிறது என்றால் அதை மயக்கம் என்று சொல்வது அவனை அவமானப்படுத்துவது.

டாஸ்மாக்தான் நம்ம ஊர் சோமாவா?

ஒரு ஒற்றுமை இருக்கிறது: 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசே நடத்துகிறது, அதனால் விற்கிறவரும் ஆள்கிறவரும் ஒருவரே. மற்றபடி இந்த ஒப்பீடு தாங்காது. சோமாவின் விசேஷமே தலைவலி, சண்டை, கடன் எதுவும் வராது என்பதுதான். இங்கே ஒருவர் குடிக்க, வீட்டில் நான்கு பேர் நிம்மதி இழக்கிறார்கள். இதைத் தயாரித்த நிம்மதி என்றுகூடச் சொல்ல முடியாது.

ரீல்ஸ், செல்போன்?

இதற்கு ‘ஃபாரன்ஹீட் 451’ பொருத்தம். மில்ட்ரெட் வீட்டில் மூன்று சுவர் முழுக்க டிவி, நான்காவது சுவருக்கும் வாங்கித் தரச் சொல்லிக் கணவனை நச்சரிக்கிறாள். காதில் எப்போதும் குட்டி ரேடியோ. ஒரு ராத்திரி பாட்டில் நிறையத் தூக்க மாத்திரையை முழுங்கிவிடுகிறாள். டாக்டர்கூட வருவதில்லை, மெஷினோடு இரண்டு ஆட்கள் வந்து வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு ராத்திரிக்கு இப்படி ஒன்பது பத்து வருகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காலையில் அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை, பசிக்கிறது என்கிறாள்.

பீட்டி சொல்லும் ஒரு விஷயம் முக்கியம்: இது மேலிருந்து வந்த உத்தரவாகத் தொடங்கவில்லை, மக்களே வாசிப்பதை விட்டார்கள். அதனால் செல்போனை எடுத்ததும் “சதி” என்று கத்துகிறவர்களோடு நான் சேர்வதில்லை. நாம் விட்டது, நாம் திரும்ப எடுக்கலாம்.

வீட்டில் பார்த்து வைத்த கல்யாணமும் இப்படித்தானா?

லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ (1993) படித்தபோது எழுந்த கேள்வி. அந்த ஊரில் துணையைக் குழு பொருத்திவைக்கும், வேலையை 12 வயதில் குழு அறிவிக்கும். யாரும் குறை சொல்வதில்லை. ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை, “எங்க காலத்துல எனக்கும் அப்படித்தான். நல்லாத்தான் இருந்தோம். ஆனா வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது,” என்றார். அவரிடம் வருத்தம் தெரியவில்லை, அதனால்தான் அந்த வார்த்தை எனக்குள் நின்றது. யார் பார்த்து வைத்தார்கள் என்பதைவிட, மறுத்த பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். மறுத்தவளை வெட்டிப் போடும் செய்தி நம் மாவட்டங்களிலிருந்தும் வருகிறது. அப்படிப்பட்ட வீட்டில் சம்மதித்தவளின் புன்னகையை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

சந்தோஷமாக இருப்பவனை நாம் ஏன் எழுப்ப வேண்டும்?

எனக்கு முழு விடை கிடைக்காத கேள்வி. அம்மா இறந்த கையோடு ஜான், டெல்டாக்களுக்குப் பங்கிடும் சோமாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே கொட்டுகிறான். உங்களை விடுதலை செய்கிறேன் என்கிறான். அவர்கள் அவனை அடிக்க வருகிறார்கள். அடிக்காமல் என்ன செய்வார்கள்? அவர்களிடம் கேட்காமல் மாத்திரை கொடுத்தது ஒரு அதிகாரம் என்றால், கேட்காமல் பிடுங்குவதும் அதிகாரம்தான்.

மறுபக்கம், ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸமியாத்தின் 1920-21-ல் எழுதிய ‘நாங்கள்’ நாவலின் முடிவைப் பாருங்கள். பேருக்குப் பதில் டி-503 என்ற எண் கொண்ட பொறியாளனுக்குக் கற்பனையை நீக்கும் அறுவைச் சிகிச்சை செய்துவிடுகிறார்கள். காதலித்த பெண்ணை மணி வடிவக் கண்ணாடிக் கூண்டுக்குள் சித்திரவதை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை, சிரித்த முகம். அந்த நாவல் சோவியத் நாட்டில் வெளியாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த டி-503-ஐ எழுப்ப இனி வழியில்லை. அந்த நிலைக்கு வருமுன் ஒருவனிடம் பேச வேண்டும், கதவு எங்கே என்று காட்ட வேண்டும். மாத்திரையைக் கையிலிருந்து தட்டிவிடும் உரிமை எனக்கு இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரியும்.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

சுதந்திரத்தை. துக்கம் மனிதனைப் பண்படுத்தும் என்பதற்காக இல்லை; துக்கம் பலரை உடைத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். என் காரணம் வேறு. எனக்காக ஒருவர் தயாரித்த நிம்மதியில் கோளாறு இருந்தால் அதை நான் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கும் உறுப்பைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்களே. சுதந்திரத்தில் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், இரண்டும் எதிரெதிர் என்ற கணக்கையே நான் ஏற்பதில்லை. அந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறவர்கள் எப்போதும் மாண்ட் மாதிரி ஆட்கள். பல்லவ மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோது அப்பர் பாடியதாகச் சொல்லும் பாட்டு “நாமார்க்கும் குடியல்லோம்” என்று தொடங்கி, நான்காவது வரியில் “இன்பமே எந்நாளும் துன்பமில்லை” என்கிறது. யாருக்கும் அடிமையில்லை என்பதிலிருந்து நேராக இன்பத்துக்குப் போகிறார். அவருக்கு அது பக்தியில் கிடைத்தது. எனக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாக இல்லை, ஆனாலும் அந்த வரிசை சரியென்றே படுகிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம்?

‘தி கிவர்’. ஆங்கிலம் எளிது. ஆனால் தனியாகப் படிக்க விட்டுவிடாதீர்கள். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்த ஒன்றை, கதை நாயகன் ஜோனாஸின் அப்பாவே ஊசி போட்டு ‘விடுவிக்கும்’, அதாவது கொல்லும், இடம் வரும். அவர் அதைக் கொஞ்சல் குரலில் பேசிக்கொண்டே செய்கிறார். அந்த அத்தியாயத்தைப் பிள்ளை முடிக்கும் அன்று பக்கத்தில் இருங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். ‘1984’ஐயும் ஹக்ஸ்லியையும் பிளஸ் டூ முடித்தபின் கொடுக்கலாம். புத்தகம் வாங்க வசதியில்லாதவர்கள் புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே கிடைக்காதது எங்களில் யாரிடமாவது இருந்தால் கூட்டத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம், அடுத்த மாதம் திருப்பித் தந்தால் போதும்.